பொய்க் கட்டங்கள்

கார்த்தரே
14 ஜூன் 2021

ஒதில் அக்காவுக்கு,

பிரிக்காமலே அடுப்பில் போட்டுவிடாதே. கைபேசியில் நீ என்னைத் தடுத்து வைத்திருக்கிறாய் போல. வீட்டு எண்ணில் மூன்று தடவை அடித்தேன். மூன்று தடவையும் எடுத்தது உன் வீட்டுக்காரர் கிளைவ். என் குரல் கேட்டதும் "அவ இல்ல" என்று வைத்துவிட்டார். கப்பலும் ஓடவில்லை. வானம் தெளிந்த நாளில் உங்கள் கோரி கோட்டை என் சமையலறை ஜன்னலில் தெரிகிறது, ஆனால் இந்தக் கடிதம் பாரிஸ், லண்டன் என்று ஊரெல்லாம் சுற்றித்தான் உன்னிடம் வரும்.

மே ஆறாம் தேதியை முதலில் எழுதிவிடுகிறேன். எங்கள் கரைப் படகுகள் அறுபது எழுபது போய் உங்கள் தீவுத் துறைமுகத்தின் வாயிலை அடைத்து நின்றபோது ரெமியும் போனான். வேண்டாம் என்றேன். "எல்லாரும் போறாங்க, நான் மட்டும் வீட்ல உக்காந்து பால்புட்டி கழுவணுமா?" என்றான். கையில் சிவப்பு வாணத்தோடு அவன் நின்றதை நீ தொலைக்காட்சியில் பார்த்தாய். "உன் புருஷன் என் வாசல்ல வந்து நெருப்பு காட்டுறான், இனிமே நீயும் வராத" என்று சொன்னாய். பதிலுக்கு நான் சொன்னதை இங்கே திருப்பி எழுதக் கூசுகிறது. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன்.

மன்னிப்புக்காக மட்டும் எழுதவில்லை என்பது உனக்கு இதற்குள் தெரிந்திருக்கும்.

லண்டன்காரர்கள் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போன பிறகு, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் பெரிய மனிதர்கள் கையெழுத்துப் போட்டார்களே, அந்த ஒப்பந்தத்தில் எங்கள் தலையில் விழுந்தது ஒரே ஒரு வரி. உங்கள் தீவுக் கடலில் பிடிக்கப் புது அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு வேண்டுமானால், முந்தின மூன்று வருடத்தில் ஏதாவது ஒன்றிலாவது பத்து நாளுக்கு மேல் அங்கே பிடித்ததை நிரூபிக்க வேண்டும். பெரிய படகுகளில் இடங்காட்டும் கருவி இருக்கிறது. எங்கள் ஒன்பது மீட்டர் படகில் அது இல்லை. எங்களுக்குச் சாட்சி மாதாமாதம் அலுவலகத்தில் கொடுக்கிற தாள்தான். தேதி, வரைபடத்துக் கட்டத்தின் எண், எத்தனை கிலோ.

ரெமி கடல்நத்தை பிடிக்கப் போடுகிற கூடுகளில் பாதிக்கு மேல் உங்கள் பக்கத்தில்தான் கிடக்கின்றன. ஆனால் தாள்களில் அவன் ஒரு நாள்கூட அங்கே போகவில்லை.

பொய் எழுதினோம், அக்கா. "ஆபீஸ் ஜன்னல்ல உண்மையைக் குடுத்தா சாயங்காலத்துக்குள்ள படகுக்காரன் தியெரி வாய்ல இருக்கும். என் இடத்தை நானே எழுதிக் குடுக்கவா?" என்பான். இந்தத் துறையில் எவனைக் கேட்டாலும் வடக்கே போய்வந்தவன் தெற்கே கை காட்டுவான், உனக்குத் தெரியும். ரெமி அதைத் தாளிலும் செய்தான். அவன் சொல்லச் சொல்ல எழுதியது நான். ஒரே கட்டத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் சந்தேகம் வருமென்று நானே மாற்றி மாற்றிப் போட்டேன். காற்றடித்த நாளுக்குக் கரையோரக் கட்டம், அமைதியான நாளுக்கு வெளிக் கட்டம். கான் பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் வரலாறு படித்தேனே, பழைய ஆவணம் மெய்யா பொய்யா என்று பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்களே, அந்தப் படிப்பு அதற்குத்தான் உதவியது. "படிச்சவளைக் கட்டினதுக்கு இப்பத்தான் பலன்" என்று அவன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

இப்போது ஒன்று இருக்கிறது. கிளைவின் நோட்டு. 2019 கிறிஸ்துமஸுக்கு நாங்கள் வந்தபோது நீ அதை எடுத்துப் படித்துக்காட்டினாய். தன் கூடுகள் பக்கம் வருகிற ஒவ்வொரு பிரெஞ்சுப் படகையும் தேதி, மணி, எண், இடம் போட்டுத் திட்டி எழுதியிருந்தார். "மறுபடியும் என் சகலை, மூக்குக்கு நேரா" என்று ஒரு வரி. ரெமியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தப் பக்கங்களின் நகல் வேண்டும். அது இருந்தால் சீட்டு கிடைக்கும். இல்லாவிட்டால் படகு போய்விடும்.

குழந்தை லூசிலுக்கு மேல் ஈறு வீங்கியிருக்கிறது. ராத்திரி பகல் அழுகை.

உன்
சொலேன்


கோரி
27 ஜூன்

சொலேன்,

கடிதம் பதின்மூன்று நாளில் வந்தது. பிரெஞ்சில் எழுதி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. தப்பு இருந்தால் படித்தவள் திருத்திக்கொள்.

முடியாது.

மே ஆறுக்கு அடுத்த வாரம் கிளைவின் முப்பத்தெட்டுக் கூடுகளில் மிதவைக் கயிறு அறுந்திருந்தது. தேய்ந்து அறுந்ததில்லை, கத்தி. மிதவை இல்லாத கூட்டை எங்கே போய்த் தேடுவது? எல்லாம் அடியில் கிடக்கிறது. உள்ளே போன நண்டு சாகும். அதைத் தின்ன இன்னொரு நண்டு உள்ளே போகும், அதுவும் சாகும். யாரும் தூக்காமலே அது பாட்டுக்குப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

உங்கள் துறையில் எங்கள் நண்டை இறக்கவிடவில்லை. "உன் சரக்கைத் தூக்கிட்டுக் கெளம்பு" என்றார்களாம். இருபது வருடமாக அவர் அங்கேதான் இறக்கினார். ரெமியை நீ முதலில் பார்த்ததே அவர் நண்டு இறக்க வந்த ஒரு நாளில்தான், மறந்துவிட்டாயா?

ஒன்றியத்தில் இருப்பதா போவதா என்று எங்கள் தீவை யாரும் கேட்கவே இல்லை. நாங்கள் ஓட்டுப் போடவில்லை. இருந்தும் வாசலில் வந்து வாணம் கொளுத்துவது எங்களுக்குத்தான்.

நீ எழுதிய பொய்க்கு என் புருஷன் சாட்சி சொல்ல வேண்டுமா? நோட்டு படகில் பிஸ்கட் டப்பாவுக்குள் இருக்கிறது. இனி நான் அதைத் தொட மாட்டேன்.

ஒதில்

பல்லுக்கு மருந்துக் கடைக் களிம்பு தடவாதே. ரொட்டியின் காய்ந்த ஓரத்தைக் கையில் கொடு.


கார்த்தரே
19 ஜூலை

அக்கா,

ரொட்டி ஓரம் வேலை செய்தது. அதற்காவது நன்றி.

கயிற்றை அறுத்தது ரெமி இல்லை. மூன்று தடவை கேட்டேன், லூசில் தலைமேல் கை வைத்து இல்லை என்றான். நான் நம்புகிறேன். நீயும் நம்ப வேண்டும் என்று கேட்க எனக்கு இப்போது வாய் வரவில்லை.

தியெரிக்குச் சீட்டு வந்துவிட்டது. அவன் எப்போதும் உள்ளதை உள்ளபடி எழுதியவன். வெள்ளிக்கிழமை துறையில் எல்லார் முன்னாலும் அதை ரெமிக்குக் காட்டினான். "என்ன ரெமி, தாளைப் பாத்தா நீ தீவுப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கலையாமே! அப்ப அவ்வளவு நத்தை எங்கேருந்துப்பா வந்துச்சு, மாதா கோயில் தண்ணித் தொட்டிலேர்ந்தா?" எல்லாரும் சிரித்தார்கள். "நான் மக்குடா, உண்மையை எழுதிட்டேன். உன்ன மாதிரி படிச்ச பொண்டாட்டி எனக்கு வாய்க்கல." ரெமி கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருந்தான். அவன் பதிலுக்குக் கத்தியிருந்தால் எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

நானே அலுவலகத்துக்குப் போனேன், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். நல்ல பெண்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அப்படீன்னா முப்பத்தாறு தாளும் பொய்யா, மேடம்? அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்குறீங்களா? யோசிச்சுக்கோங்க" என்றாள். பொய்த் தாளுக்கு என்ன தண்டனை என்று ஒரு அச்சடித்த காகிதத்தைத் தள்ளினாள். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். ரெமியிடம் காட்டவில்லை.

சீட்டு வராத படகுகளுக்கு உங்கள் தீவு கொடுத்த தற்காலிக அனுமதி அக்டோபர் முடியும்வரை இருக்கிறது. அதற்குப் பின் இல்லை.

அவன் இப்போதெல்லாம் சாப்பிட உட்கார்ந்தால் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறான். கோட்டை தெரிகிற நாளில் அதைப் பார்க்கிறான். தெரியாத நாளிலும் அதே இடத்தைப் பார்க்கிறான். நேற்று சொன்னான்: "பேப்பர்ல இல்லாதவன் கடல்ல இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?" விளையாட்டுக்குச் சொல்கிற முகம் இல்லை அது.

கிளைவிடம் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேள்.

சொலேன்


கோரி
22 ஆகஸ்ட்

சொலேன்,

கேட்கவில்லை. எடுத்துப் பார்த்தேன்.

வியாழக்கிழமை அவர் பெட்ரோல் வாங்கப் போன நேரம் படகில் ஏறி டப்பாவைத் திறந்தேன். நான்கு நோட்டுகள். மீன் வாடை, எண்ணெய்க் கறை, பென்சில் எழுத்து. ரெமியின் படகு எண் வருகிற இடத்தையெல்லாம் விரல் வைத்து எண்ணிக்கொண்டே போனேன். நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் துறைச் சுவர் மேல் அவர் நிற்கிறார்.

"எண்ணி முடிச்சிட்டியா?"

நோட்டை மூடினேன்.

"எத்தனை வந்துச்சு?"

"அறுபத்தொண்ணு."

"அறுபத்து மூணு. ரெண்டு தடவை பென்சில் கெடைக்கல" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கு வரவில்லை. இறங்கி வந்து நோட்டை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினார். பிடுங்கவில்லை. "ஒவ்வொரு வரியையும் அவனைத் திட்டிக்கிட்டே எழுதினேன். இப்ப அந்தத் திட்டே அவனுக்கு ஆதாரமா? நல்லாருக்கு" என்றார்.

அவர் மறுப்பதற்கு வேறு காரணமும் இருக்கிறது. அந்த வரிகளில் இருப்பது ரெமியின் இடம் மட்டும் இல்லை, அவருடைய இடமும்தான். கடலுக்கடியில் தட்டையான ஒரு பாறை, 'பலகை' என்பார். சிங்கி இறால் அங்கேதான். அவருடைய அப்பா சாகக் கிடந்தபோதுதான் அடையாளம் சொன்னாராம். பத்தொன்பது வருடம் குடும்பம் நடத்தியும் எனக்கே அது எங்கே என்று தெரியாது, நோட்டை முழுசாகப் பார்க்கிறவரை. ரெமி தானாகவே அதைக் கண்டுபிடித்து, தானும் மூடி வைத்திருக்கிறான். இரண்டு பேரும் ஒரே பாறையை ஊருக்கெல்லாம் மறைத்திருக்கிறார்கள்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அவன் கைப்பட மூணு வரி எழுதட்டும். பலகையில கூடு போட்டேன். அது உன் எடம்னு தெரிஞ்சேதான் போட்டேன். உன் கயித்தை நான் அறுக்கல. மூணே வரி. வந்த அன்னிக்கே நோட்டைத் தர்றேன், கையெழுத்தும் போடறேன்."

அவர் வாயில் இவ்வளவு வந்ததே பெரிது. ரெமியை எழுதச் சொல்.

ஒதில்


கார்த்தரே
9 செப்டம்பர்

அக்கா,

சொன்னேன். சாப்பாட்டுக்குப் பின், லூசில் தூங்கினதும், நல்ல வேளை பார்த்துத்தான் சொன்னேன்.

"அவன் எடமா? கடலுக்கு அடியில கெடக்குற பாறைக்கு அவங்கப்பா பட்டா வாங்கி வெச்சாரா?"

"மூணு வரிதானே, ரெமி."

"மூணு வரி இல்ல. மண்டி போடச் சொல்றான். அவன் துறைமுகத்து வாசல்ல நான் நின்னேன்ல, அதுக்கு."

அடுத்த நாள் அவன் கடலுக்குப் போனதும் நானே அந்த மூன்று வரியை எழுதிவைத்தேன், அவன் பார்த்து எழுதட்டும் என்று. திரும்பி வந்து என் கையெழுத்தைப் பார்த்தான். "மறுபடியும் எனக்காக எழுத ஆரம்பிச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டு இரண்டாக, நான்காக, எட்டாகக் கிழித்தான். அவன் கையெழுத்தை நான் அச்சாகப் போடுவேன். போட்டு அனுப்பிவிடலாமா என்று ஒரு மணி நேரம் உட்கார்ந்து யோசித்தேன். அதையும் செய்தால் இனி இந்த வீட்டில் எது மெய் என்று எனக்கே தெரியாமல் போய்விடும் என்று விட்டுவிட்டேன்.

பத்தீஸ்த் அக்டோபரில் போகிறான். நான்கு வருடமாக ரெமியோடு கடலுக்குப் போகிறவன். சீட்டு இல்லாத படகில் இருந்து என்ன செய்வான், கிரான்வில்லில் வேறு படகில் சேர்ந்துவிட்டான். இனி ரெமி தனியாகப் போவான். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. முப்பது முப்பது கூடாக ஒரே கயிற்றில், ஒன்று விழுந்தால் அடுத்ததை இழுத்துக்கொண்டு ஓடும். ஒருவன் படகை ஓட்ட வேண்டும், ஒருவன் அந்தச் சுருளில் கால் படாமல் கூட்டைத் தள்ள வேண்டும். இரண்டையும் ஒருவனே எப்படிச் செய்வான்?

தினமும் பதினோரு மணிக்குச் செய்தி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். "இருக்கேன்" என்று ஒரே வார்த்தை அனுப்புகிறான். பத்தரையிலிருந்து கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

அந்த மூன்று வரி வராது. அது இல்லாமலே நீ அனுப்ப முடியுமா? கிளைவுக்குத் தெரியாமல்? கேட்கக்கூடாததைத்தான் கேட்கிறேன்.

லூசில் மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். யாராவது கை தட்டினால் விழுந்துவிடுகிறாள்.

சொலேன்


கோரி
4 அக்டோபர்

சொலேன்,

இந்த வாரம் முழுக்கக் காற்று. படகு எதுவும் போகவில்லை.

நீ கேட்டதைப் பற்றி இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன். நான் என்ன செய்தேன் என்று கிளைவுக்குத் தெரியாது. ஏதோ செய்தேன் என்று மட்டும் தெரியும். இரண்டு நாளாக என்னோடு பேச்சு இல்லை. கடையில் பக்கத்துப் படகுக்காரன் மனைவி என் கூடையைப் பார்த்து, "யாருக்கு வாங்குற, இந்தக் கரைக்கா அந்தக் கரைக்கா?" என்று கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.

கொஞ்சம் பொறு. அவனைக் காற்று நாளில் போகவிடாதே.

ஒதில்


கார்த்தரே
1 நவம்பர்

அக்கா,

பொறுத்தேன். உன் பக்கமிருந்து ஒன்றும் வரவில்லை. நேற்றோடு தற்காலிக அனுமதி முடிந்தது.

இன்று புனிதர்கள் திருநாள், கல்லறைக்குச் சாமந்தி வைத்துவிட்டு வந்தோம். வந்ததும் அவன் துறைக்குப் போய்விட்டான். சாயங்காலம் நான் தள்ளுவண்டியோடு போனபோது படகின் பக்கவாட்டில் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தான். பெயர் போய்விட்டது. எண்ணில் கடைசி இரண்டு இலக்கம்தான் பாக்கி. லூசில் தூரிகையைப் பார்த்துக் கை நீட்டினாள். அவள் விரலில் ஒரு பொட்டு வெள்ளை வைத்தான்.

"எங்க போற?"

"என் முந்நூறு கூடு அங்க கெடக்குது. அதை எடுத்துட்டு வரவும் சீட்டு வேணுமா?"

"எடுத்துட்டு வர்றது மட்டும்தானே?"

"வேற என்ன?"

புதன்கிழமை காலை ஓதம் ஏறும்போது போகிறானாம். நவம்பர் தாளை எடுக்கச் சொன்னான். "மூணாந்தேதிக்குத் தெக்க, சோசே பக்கம்னு போட்டுடு. முன்னாடியே எழுதி வெச்சுடு, யாராவது கேட்டா தாளைக் காட்டு." மாட்டேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. தண்டனைக் காகிதம் இன்னும் என் பைக்குள்தான் இருக்கிறது.

மையில் எழுதினேன், அக்கா.

கோட்டை இரண்டு நாளாகத் தெரியவில்லை. பனி.

சொலேன்


கோரி
6 நவம்பர்

சொலேன்,

போனில் நீயும் நானும் பேசியது அழுகைதான். நடந்ததை நடந்த வரிசையில் உனக்கு யாராவது சொல்ல வேண்டும். வேறு ஆள் சொல்வதைவிட நான் சொல்கிறேன்.

நீ அழைத்தபோது எங்கள் மணி மூன்று, உங்களுக்கு நான்கு. தெற்கே, சோசே பக்கம்தான் ஒரு மணியிலிருந்து தேடுகிறார்கள் என்றாய். உங்கள் மணி ஒன்று. ஆக மூன்று மணி நேரம் தப்பான இடத்தில். தேடுகிறவர்களிடம் தாளைப் பார்த்துப் படித்துவிட்டேன், பொய் என்று தெரிந்தே படித்துவிட்டேன், உண்மையைச் சொன்னால் படகைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்துவிட்டேன் என்று நீ திரும்பத் திரும்பச் சொன்னாய். அதை இனி யாரிடமும் சொல்லாதே. என்னிடம் சொன்னது போதும்.

நான் துறைக்கு ஓடினேன். கிளைவ் கடலில் இருந்தார், நோட்டும் அவரோடு. பக்கத்துப் படகில் ஏறி ரேடியோவில் கூப்பிட்டேன்.

"கிளைவ், ரெமி வரல. காலையில போனவன். நோட்டைப் படி."

அவர் எஞ்சினை நிறுத்துவது கேட்டது.

"எந்தப் பக்கத்தை?"

"பலகை இருக்கிற பக்கத்தை. இடத்தைச் சொல்லு."

"இது எல்லாருக்கும் கேக்குற அலைவரிசை, ஒதில்."

"தெரியும்."

அப்புறம் படித்தார். எண்களை ஒவ்வொன்றாக, இரண்டு தடவை, ஆங்கிலத்தில் ஒரு முறை, பிரெஞ்சில் ஒரு முறை. அவருடைய அப்பா சாகும்போது சொன்னதை இரண்டு கரைப் படகுகளும் கேட்டன. உடனே உங்கள் ஊர்க்காரன் ஒருவன் குரல் வந்தது, தியெரியாம்: "கேட்டுச்சு. வர்றேன்." பனிக்குள் எட்டுப் படகுகள் போயின. எந்தப் படகுக்குச் சீட்டு இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை.

முதலில் போய்ச் சேர்ந்தது கிளைவ்தான். இருட்ட இன்னும் கொஞ்சம் இருந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, படகில் ஆள் இல்லை. பின்பக்கம் பதினேழு கூடுகள் அடுக்கியிருந்தன. கயிறு நேராகக் கீழே இறங்கி இழுத்துக்கொண்டு நின்றது. கூடுகளை எடுக்கத்தான் போனான் என்றாயே. பதினேழில் புது இரை வைத்திருந்தது. எடுத்தவன் மறுபடியும் போட ஆரம்பித்திருக்கிறான்.

தியெரியும் வந்து சேர்ந்ததும் இரண்டு பேருமாகக் கயிற்றை இழுக்கப் போனார்கள். கிளைவ் ரேடியோவில் என்னிடம், "இப்ப அணைச்சிடு" என்றார். அணைத்தேன்.

இதற்கு மேல் உனக்குத் தெரியும்.

இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். நோட்டில் அன்றைய தேதியில் ஒரு வரி இருக்கிறது. காலையில் எழுதியது. "8.40. பனி. எண் அழித்த படகு. அந்தப் பின்பக்கம் எனக்குத் தெரியும். தனியாள். கை தூக்கினான். நான் தூக்கவில்லை." அவர் சாப்பிடுவதில்லை. "தனியாவாடா வந்தேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்கிறார், அதையே சொல்கிறார்.

இரண்டாவது என்னுடையது. இத்துடன் ஒரு உறை வைத்திருக்கிறேன். நூலகத்தில் எடுத்த நகல், அறுபத்தொரு வரி, அடியில் சாட்சியாக என் கையெழுத்து. உறை மேல் உன் முகவரி, தபால்தலை. செப்டம்பர் இருபதாம் தேதி ஒட்டினேன். ரொட்டிப் பெட்டிக்கு அடியில் ஆறு வாரம் இருந்தது. தினமும் ரொட்டி எடுக்கும்போது அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும். நாளைக்குப் போடலாம் என்றே இருந்தேன்.

அடக்கத்துக்கு வருகிறேன். உள்ளே வரலாமா என்று வாசலில் நின்று கேட்பேன். வேண்டாம் என்றால் போய்விடுவேன்.

ஒதில்


கார்த்தரே
3 டிசம்பர்

அக்கா,

நீ போன பிறகு வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. லூசில் நீ கற்றுக்கொடுத்தபடி சுவரைப் பிடிக்காமல் ஐந்து அடி நடக்கிறாள். கிளைவ் அடக்கத்தன்று துறையிலேயே தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை ஜன்னலில் பார்த்தேன். கூப்பிட எனக்குத் தெம்பு இல்லை. அடுத்த தடவை அவரும் உள்ளே வரட்டும்.

தியெரி வீட்டிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சட்டி சூப் வருகிறது. அவனே கொண்டுவந்து வாசல்படியில் வைத்துவிட்டு மணி அடித்துவிட்டு ஓடிவிடுகிறான்.

நவம்பர் தாள் ஐந்தாம் தேதிக்குள் போக வேண்டும். படகு இன்னும் எங்கள் பெயரில் இருக்கிறது, அதனால் தாளும் போக வேண்டுமாம். நேற்று அதை எடுத்து மேஜையில் வைத்தேன். மூன்றாம் தேதிக்கு நேராக, முதல் தேதியே நான் எழுதிவைத்த கட்டம், நல்ல கையெழுத்தில். அதை அடித்தேன். நான்கு வருடத்தில் இந்தத் தாள்களில் நான் அடித்து எழுதியது அதுதான் முதல் தடவை. உன் உறையைப் பிரித்து, வரைபடத்தில் இடம் பார்த்து, பலகை இருக்கிற கட்டத்தின் எண்ணைப் போட்டேன். கிலோ என்ற இடத்தில் ஒரு கோடு.

இன்று கொண்டுபோய்க் கொடுத்தேன். அதே பெண். விரலால் வரியைத் தொட்டுப் பார்த்தாள்.

"மேடம், இது அந்தப் பக்கத்துக் கட்டம். அங்க போக உங்க படகுக்கு அனுமதி இல்லையே."

"இல்ல."

"அப்ப இதை இப்படியே வாங்கினா..." என்று ஆரம்பித்தவள் தேதியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "வேற கட்டம் போட்டுக் குடுக்குறீங்களா? நான் காத்திருக்கேன்" என்றாள், அன்று போலவே குரலைத் தாழ்த்தி.

"வேணாம்" என்றேன். "அவன் அங்கதான் இருந்தான்."

முத்திரையைக் குத்தி, என் பக்கத்து நகலைக் கிழித்துக் கொடுத்தாள். அதை இத்துடன் வைத்திருக்கிறேன். கிளைவின் டப்பாவில் போட்டு வைக்கச் சொல்.

சொலேன்